பேச்சியம்மாளின் பதினோரு நாள்

"எல்லாரையும் பாராட்டுறேன் அம்மா. ஒருத்தருக்கும் அது போய்ச் சேர மாட்டேங்குது."

இதைச் சொல்லிவிட்டு ஆவுடைநாயகம் தரையைப் பார்த்தார்.

மரகதத் தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை பேரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேரு."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

தாயி ஒரு புழுத்த இலையைக் கிள்ளித் தூரப் போட்டாள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு நூற்பாலையில் மேனேஜர். அவளுக்கு முப்பத்தொன்பது. மலையடிவாரத்தில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்றில், யாருமற்ற நோயாளிகள் பதினெட்டுப் பேரைப் பன்னிரண்டு வருஷமாகத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் துறவி. மில் டிரைவர் சொல்லித்தான் அவர் இங்கே வந்தார். தன்னைவிட இவ்வளவு இளையவளை எப்படி அம்மா என்று கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

"எப்படிப் பாராட்டுவீங்க?"

"திங்கக்கிழமை காலையில எல்லாரையும் முற்றத்துல கூட்டுவேன். மாசத்துக்கு ஒருத்தருக்குக் கேடயம். போட்டோ எடுத்துப் பலகையில மாட்டுவோம். மைக்குல பேசுவேன். கைதட்டுவாங்க. எல்லாருக்கும் மைசூர்பாகு."

"அப்புறம்?"

"அப்புறம் வேலைக்குப் போயிருவாங்க."

"நீங்க?"

"நான் என் ரூமுக்குப் போயிருவேன்."

தாயி அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள்.

"சித்திரையில பேச்சியம்மாளுக்குக் கேடயம் குடுத்தோம்" என்றார் அவர். "இருபத்திரண்டு வருஷமா மெஷின்ல நிக்கிறவங்க. அறுந்த நூலை அவங்க ஒட்டினா, எங்க ஒட்டினாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. கேடயம் வாங்கின மறுநாள் வேலைக்கு வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல. மில்லுல அவங்க பெட்டியைத் திறந்து பார்த்தோம். கேடயம் உள்ள கிடந்துச்சு. சுத்தின தாளைக்கூடப் பிரிக்கல."

"ஏன்?"

"தெரியல. ஆள் அனுப்பிக் கேட்டேன். உடம்புக்கு முடியலன்னு சொல்லிட்டாங்க."

"ஒருத்தங்க வேலையை விட்டதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கூடத்துக்குள் யாரோ இருமினார்கள். இருமல் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"கேன்டீன்ல நான் போய் உட்கார்ந்தா பெஞ்சு காலியாயிருது அம்மா" என்றார்.

தாயி இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை நாள் லீவு போட்டிருக்கீங்க?"

"மூணு நாள்."

"இருங்க."

*

அன்று மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து தானும் அதே பானையிலிருந்து ஊற்றிக்கொண்டாள்.

அவர் ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம் அம்மா."

அவள் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவினாள்.

மறுநாளும் அதே கஞ்சி.

"எப்படி இருக்கு?"

"நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருக்கு."

கிண்ணத்தைக் கழுவினாள்.

மூன்றாம் நாள் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது அம்மா."

தாயி எழுந்து உள்ளே போனாள். உப்பு ஜாடியோடு வந்தாள். தன் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"உப்பு இல்லன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"முத நாள். முத வாயிலயே."

"ஏன் சொல்லல?"

"உங்க மனசு நோகுமேன்னு..."

"மூணு நாளா நான் தனியாத்தான் சாப்பிட்டிருக்கேன் ஐயா."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"நான் என்ன செய்யணும் அம்மா?"

"பேச்சியம்மாளைப் போய்ப் பாருங்க."

"பார்த்து?"

"பாராட்டாதீங்க. மன்னிப்புக் கேக்காதீங்க. திரும்ப வரச் சொல்லாதீங்க."

"அப்போ பேசறதுக்கு என்னதான் இருக்கு?"

தாயி உள்ளே போய்விட்டாள்.

*

பேச்சியம்மாள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

மேனேஜரைக் கண்டதும் எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"உட்காருங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவரும் அந்தச் சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சும்மா இருக்கக் கை கூசியது. ஒரு பையை எடுத்து மண் அள்ளிப் போட்டார்.

இரண்டு பை நிரம்பின. மூன்றாவது பையை அவர் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அமுக்காதீங்க சார். வேர் இறங்காது."

"சரிம்மா."

சாலையில் ஒரு லாரி போனது. தூசி அடங்கியது.

"திரும்பி வேலைக்கு வரச் சொல்லத்தான வந்தீங்க?"

"இல்ல."

"பிறகு?"

"ஏன் போனீங்கன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"உடம்புக்கு முடியலன்னு சொல்லி விட்டேனே."

"சொன்னாங்க."

அவள் கையிலிருந்த மண்ணில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். இன்னொரு கல். கல் இல்லாத மண்ணையும் கொஞ்ச நேரம் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா சார்."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"இசக்கின்னு பேரு. போன ஐப்பசியில மஞ்சக்காமாலை கண்டு படுத்துட்டா. ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் சாவு வீடு. பன்னெண்டாம் நாள் காலையில முதல் ஷிப்டுக்கு வந்து மெஷின்ல நின்னுட்டேன். வீட்ல இருந்தா அவ சேலை கண்ணுல படுது. மில்லுன்னா ஒரே சத்தமா இருக்கும், அழுதாக்கூட ஒருத்தருக்கும் கேக்காது."

அவள் குரல் உயரவே இல்லை. நூல் அறுந்த கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள்.

"பதினோரு நாளுக்கும் லீவு எழுதிக் குடுத்தேன். காரணமும் எழுதியிருந்தேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. கிளார்க்கிடம் வேறு பேனா கேட்டார். நல்ல பேனா ஒன்று வாங்கி வைக்க ஆளில்லையா என்று சலித்துக்கொண்டார். அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது ஞாபகத்தில் இல்லை.

"சித்திரையில என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்காத பேச்சியம்மாள்னு மைக்குல சொன்னீங்க. எல்லாரும் கைதட்டுனாங்க. பக்கத்து மெஷின்காரி, என்கூடச் சுடுகாட்டு வாசல்வரைக்கும் வந்தவ, அவளுந்தான் தட்டுனா. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டேன்."

இன்னொரு பையை எடுத்து விரித்தாள்.

"வாங்கிட்டுப் படி இறங்கறப்பதான் நெஞ்சுல உறைச்சுது. என் தங்கச்சி சாகவே இல்லன்னு சொல்றாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டு வரேன்."

ஆவுடைநாயகத்துக்கு மன்னிச்சிருங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் தன் மனசு லேசாகிவிடும் என்று தெரிந்தது. தன் மனசு மட்டும்.

அவர் அதை விழுங்கினார்.

"இசக்கி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

பேச்சியம்மாள் அவரை வெறித்துப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்த கேள்வி இதுவல்ல.

"எப்படின்னா?"

"ஆளு எப்படி?"

அவள் கையிலிருந்த மண்ணைப் பைக்குள் உதறினாள். பிறகு, "பல்லின்னா பயப்படுவா" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீர் வந்தது. மண்கையால் துடைத்ததில் கன்னத்தில் கறை ஒட்டிக்கொண்டது.

இசக்கிக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டோடு இருந்து அக்காவுக்குச் சமைத்துப் போட்டாள். ஷிப்டு முடிந்து அக்கா வரும்போது தலைமுடியில் பஞ்சு அப்பியிருக்கும். வாசல்படியில் உட்கார வைத்து, ஒவ்வொரு துணுக்காக எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். எடுக்கும்போது ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பேச்சியம்மாள் எட்டு மணி நேரம் நிற்பாள்.

"அவ போனப்புறம் முடியில பஞ்சு இருந்தா, இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

வெயில் சாய்ந்தது. முப்பத்தேழு பைகள் நிரம்பியிருந்தன. ஆவுடைநாயகம் எழுந்தார்.

அவள் எழவில்லை. உட்கார்ந்தபடியே, "போயிட்டு வாங்க" என்றாள். அவள் எழுந்து நிற்காமல் அவரை வழியனுப்பியது அதுதான் முதல் தடவை.

*

அடுத்த திங்கட்கிழமை முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். மேஜைமேல் கேடயம் இல்லை. மைசூர்பாகுப் பெட்டிகளும் இல்லை.

அவர் மைக்கைப் பிடித்தார். கையில் காகிதம் இல்லை.

"சித்திரை மாசம் இந்த இடத்துல நின்னு, பேச்சியம்மாள் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லன்னு சொன்னேன். அது தப்பு. பதினோரு நாள் எடுத்திருந்தாங்க. அவங்க தங்கச்சி இசக்கி இறந்துபோனாங்க. அந்த லீவுக்குக் கையெழுத்துப் போட்டது நான். படிக்காமப் போட்டேன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

யாரும் கைதட்டவில்லை. முந்நூறு பேர் நின்ற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே ஏதோ ஒரு மெஷின் காலியாக ஓடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேச்சியம்மாளின் பக்கத்து மெஷின்காரி.

கூட்டம் கலைந்தது. யாரும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

அன்று முழுக்க ஒருவரும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் செண்பகம் என்ற பெண் வாசலில் வந்து நின்றாள். ஆடி மாதக் கேடயம் அவளுடையது. கெட்டிக்காரி என்று அவரே மைக்கில் சொல்லியிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லும்மா."

"நான் கெட்டிக்காரி இல்ல. எனக்கு அப்ப ஆறு மாசம். நிக்க முடியாது. அடிக்கடி பாத்ரூம் போயிருவேன். ராக்கு அக்காதான் தன் மெஷினையும் பார்த்து என் மெஷினையும் பார்த்தாங்க. அவங்க மெஷின்ல அறுந்த நூல் ஒட்டாமத் தேங்கிப்போச்சு. நீங்க அவங்களைக் கூப்பிட்டுக் கண்டிச்சீங்க."

"ராக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா என் வேலை போயிரும்ல சார்."

அடுத்த வாரத்துக்குள் இன்னும் ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தங்களைப்பற்றி மேடையில் சொல்லப்பட்டதில் ஒன்றைத் திருத்திவிட்டுப் போனார்கள். ஒருத்தர், என் பேரு முனியாண்டி இல்ல சார், முனியசாமி என்று மட்டும் சொன்னார். ஒன்பது வருஷமாக அந்த ஆலையில் இருப்பவர்.

சின்ன முதலாளி போன் செய்தார்.

"கேடயம் குடுக்கறதை நிறுத்திட்டீங்களாமே?"

"ஆமா சார்."

"ஏன்? ஆட்களுக்கு ஒரு உற்சாகம் வேணாமா?"

"யாருக்குக் குடுக்கணும்னு எனக்கு இன்னும் தெரியல சார்."

"முப்பது வருஷமா அங்கதான இருக்கீங்க?"

"ஆமா சார்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் ஆலைக்கு இன்னொரு மேனேஜர் தேடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் காதுக்கு வந்தது.

அவர் தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவில் போய் நின்றார்.

முதல் நாள் பெண்கள் விறைத்துப்போனார்கள். பேச்சு நின்றது. இவர் யாரைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். போனார். பத்து நாள் இப்படியே போனது. குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, தானே சோறு வடித்து, தானே சாப்பிட்டார். மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். நல்லா இருக்கீங்களாப்பா என்பாள். நல்லா இருக்கேம்மா என்பார்.

பதினோராம் நாள் அவர் ஒரு பெண்ணிடம் கேட்டார். "இதை எப்படி ஒட்டுறதுன்னு காட்டுவியா?"

அந்தப் பெண் பயந்துபோய்க் காட்டினாள். நூலைச் சுற்றிக்கொண்டு வேகமாகச் சுழலும் கதிரை ஒரு விரலால் நிறுத்த வேண்டும். அறுந்த நுனியைக் கண்டுபிடித்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் பஞ்சோடு அதைத் தொட்ட நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவருக்கு வரவில்லை. விரலில் தோல் கிழிந்தது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அன்றும் வரவில்லை. தூரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு மத்தியானம் நூல் ஒட்டிக்கொண்டது. கதிர் சுழன்றது. அறுபடாமல் ஓடியது. அவர் சுற்றிலும் பார்த்தார்.

ராக்கு வந்தாள். ஐம்பது வயதுக்காரி, பேசவே மாட்டாள். குனிந்து அந்த நூலை இரண்டு விரலால் நீவினாள்.

"இது ஒட்டு இல்ல சார். கட்டி. அடுத்த மெஷின்ல போய் அறுந்துரும்."

சொல்லிவிட்டு அதை அறுத்துப் போட்டாள். தன் விரலை மெதுவாக, மிக மெதுவாக நகர்த்தி, மறுபடி செய்து காட்டினாள்.

முப்பது வருஷத்தில் அந்தக் கூரையின் கீழே அவர் செய்த ஒரு காரியத்தைக் குனிந்து பார்த்துக் குறை சொன்ன முதல் ஆள் அவள். அன்று மாலை அவர் குவார்ட்டர்ஸுக்குப் போகும் வழியில் தானாகச் சிரித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் ராக்குவிடம் போய் நின்றார்.

"செண்பகத்துக்கு முடியாதப்ப அவ மெஷினையும் நீங்கதான் பார்த்தீங்க. அதுக்குத்தான் உங்களைக் கண்டிச்சேன்."

ராக்கு வேலையை நிறுத்தவில்லை. அடுத்த கதிருக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். திரும்பி வரும்போது அவரைக் கடந்தபடியே, "அந்தப் பிள்ளைக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு சார்" என்றாள்.

மறுநாள் கேன்டீனில் அவர் போய் உட்கார்ந்தார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ராக்கு எழவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் தட்டு வைக்க இடம் விட்டாள். இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

*

மார்கழியில் அவர் மறுபடி மலையடிவாரத்துக்குப் போனார்.

"கேக்க வந்தீங்களா?" என்றாள் தாயி.

"இல்ல அம்மா. ஒண்ணும் கேக்கல."

"பிறகு?"

"சும்மா வந்தேன்."

அவள் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவர் கூடத்தின் மூலையில், ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வெளியே பனி விலகவில்லை. தாயி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றினாள். துணி அலசினாள். ஒரு பாட்டிக்கு வாய் துடைத்தாள். கடைசிக் கட்டிலில் தங்கப்பழம் என்றொருவர் இருந்தார். லாரி ஓட்டியவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. டவுனிலிருந்து பன்னிரண்டு பேர் பழக்கூடையோடு இறங்கினார்கள். வரிசையாகத் தாயியின் காலில் விழுந்தார்கள்.

"நீங்க மனுஷியே இல்ல தாயி. தெய்வம்" என்றார் ஒருவர்.

"கருணைக் கடல்" என்றார் இன்னொருவர்.

"சரி" என்றாள் தாயி.

அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, கொஞ்சம் சிரிங்க தாயி என்றாள். தாயி சிரித்தாள். வேன் போய்விட்டது. சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

மத்தியானத்துக்குமேல் கூடம் அமைதியானது. எல்லாரும் கண்ணயர்ந்திருந்தார்கள். தாயி தங்கப்பழத்தை இன்னொரு முறை திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஆவுடைநாயகம் எழுந்து அருகில் வந்தார்.

"தொடறதுக்கு முன்னால கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கிறீங்க அம்மா."

தாயி திரும்பினாள்.

"காலையிலிருந்து நாலு தடவை இவரைத் திருப்பினீங்க. நாலு தடவையும் செஞ்சீங்க."

"தண்ணியில கிடக்குற கை ஐயா" என்றாள். "ஐஸ் மாதிரி இருக்கும்."

"இவருக்கு அங்க உணர்ச்சி கிடையாதே."

"கிடையாது."

"சூடா இருந்தாலும் தெரியாது. சில்லுன்னு இருந்தாலும் தெரியாது."

"தெரியாது."

"தெரியாதுன்னு தெரிஞ்சும் செய்யறீங்க. அதைத்தான் பார்த்தேன்."

அவர் வேறொன்றும் சேர்க்கவில்லை.

தாயி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

"பன்னெண்டு வருஷம்..." என்று தொடங்கினாள். முடிக்காமல் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பையை எடுத்தார்.

"வரேன் அம்மா."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"அதுக்கு அடுத்தது?"